இருபத்திரண்டு எழுத்தும் இருபத்தொரு நாளும்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் டத்தோ அவர்களே, தொகுதிக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகக் குழுவினரே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, இந்தத் தீவில் எத்தனையோ பேரை முதன்முதலில் கையில் தூக்கிய ஓய்வுபெற்ற தாதியரான மிசிமார்களே, முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி காலியாக இருந்தும் வாசலருகே நின்றுதான் கேட்பேன் என்று அடம்பிடிக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

டத்தோ அவர்கள் அக்கரையிலிருக்கும் பிறை ஊரிலிருந்து வருகிறார். சனிக்கிழமை மாலையில் பாலத்தைத் தாண்டி வருவது எவ்வளவு பெரிய தியாகம் என்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். ஃபெரியில் வந்திருந்தால் ஒரு நன்றி, பாலத்தில் வந்திருந்தால் இரண்டு. செயலாளர் தம் வரவேற்புரையில் என்னைச் சிங்கம் என்றார். சிங்கமாவது கண்ணுக்குத் தெரியும். நான் பேச வந்திருக்கும் பொருள் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் தெரியாது. எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை பொன்னாடைக்குப் பதிலாக அந்தக் காசுக்குச் சிறுநீர் பிடிக்கும் சின்னக் குப்பிகள் வாங்கி வையுங்கள். ஏன் இப்படிக் கேட்கிறான் என்று முகம் சுளிக்க வேண்டாம். கூட்டம் முடிவதற்குள் காரணம் தெரிந்துவிடும்.

இன்று நான்கு செய்திகள் சொல்லப் போகிறேன். முதலாவது, குறு ஆர்என்ஏ என்றால் என்ன. இரண்டாவது, வைரஸ் அதை வைத்துக்கொண்டு நம் நோய் எதிர்ப்புப் படையை எப்படி ஏமாற்றுகிறது. மூன்றாவது, நம் ஊர் டெங்கி வைரஸ் செய்கிற தனி வித்தை. நான்காவது, இந்த அறிவை வைத்து மருந்து செய்ய முடியுமா என்பது. நான்குக்கும் அடியில் ஓடுவது ஒரே பழமொழி: வேலியே பயிரை மேய்ந்த கதை. திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் செய்தி. நம் செல் ஒவ்வொன்றும் ஒரு சமையற்கட்டு. டிஎன்ஏ என்பது பூட்டிய அலமாரியில் இருக்கும் பெரிய சமையல் நோட்டு. நோட்டை யாரும் அடுப்பங்கரைக்குக் கொண்டு போவதில்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் துண்டுக் காகிதத்தில் நகலெடுத்து அனுப்புவார்கள். அந்த நகல்தான் தூது ஆர்என்ஏ. அதைப் பார்த்துச் செல் புரதத்தைச் சமைக்கிறது. நெடுங்காலமாக நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

1993இல் அமெரிக்காவில் விக்டர் அம்புரோஸ், கேரி ருவ்குன் என்ற இருவரின் ஆய்வுக்கூடங்களும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் வினோதமான ஒன்றைக் கண்டன. லின்-4 என்ற மரபணுவிலிருந்து புரதமே வரவில்லை. வந்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு துணுக்கு ஆர்என்ஏ. அது வேறொரு மரபணுவின் தூது ஆர்என்ஏமேல் போய் ஒட்டிக்கொண்டு, ‘இதைச் சமைக்காதே’ என்று தடுத்தது. புழுவில் ஏதோ விசித்திரம் என்று உலகம் ஏழு ஆண்டு சும்மா இருந்தது. 2000இல் அதே மாதிரி இன்னொன்று, லெட்-7, மனிதன் வரைக்கும் எழுத்து மாறாமல் இருப்பது தெரிந்த பிறகுதான் பரபரப்பு. 2024இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவற்றுக்கு மைக்ரோ ஆர்என்ஏ என்று பெயர். நான் குறு ஆர்என்ஏ என்றது இதைத்தான்.

இது எப்படி உருவாகிறது என்பதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள், பின்னால் இதுதான் உதவும். முதலில் நீளமான ஆர்என்ஏ ஒன்று செல்லின் உட்கருவில் உருவாகும். அதில் ஓரிடம் தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி மாதிரி நிற்கும். டிரோஷா என்ற நொதி அந்தக் கொண்டை ஊசியை அடியில் வெட்டி எடுக்கும். சுமார் 70 எழுத்து. எக்ஸ்போர்ட்டின்-5 என்ற சுமைதூக்கி அதை உட்கருவுக்கு வெளியே கொண்டு வரும். அங்கே டைசர் என்ற இன்னொரு கத்தி வளைவை நறுக்கிவிட்டு, சுமார் 22 எழுத்துள்ள இரட்டை இழையாக ஆக்கும். கடைசியில் ஆர்கோநாட் என்ற புரதம் ஓர் இழையை ஏற்றுக்கொண்டு, மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். இழையை ஏந்திய ஆர்கோநாட், தூது ஆர்என்ஏக்களின் வால்பகுதியைத் தடவிக்கொண்டே போகும். 22 எழுத்தும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது எழுத்து வரை, ஏழே எழுத்து பொருந்தினால் பெரும்பாலும் போதும். அதை விதைப்பகுதி என்பார்கள். பொருந்தியதும் அந்தத் தூதின் வாய் அடைபடும், வால் குட்டையாகும், கொஞ்ச நேரத்தில் அது சிதைந்து போகும்.

ஏழெழுத்து. இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். 2004இல் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டுஷலின் குழுவினர், சுரப்பிக் காய்ச்சல் உண்டாக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய செல்லில் குறு ஆர்என்ஏக்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் சில மனிதனுடையவை இல்லை, வைரஸினுடையவை. வைரஸ் தன் மரபுப் பொருளுக்குள் கொண்டை ஊசியைச் செருகி வைத்திருக்கிறது. டிரோஷா நம்முடையது, சுமைதூக்கி நம்முடையது, டைசர் நம்முடையது, ஆர்கோநாட்டும் நம்முடையது. சீட்டு, அதாவது அந்த 22 எழுத்து, மட்டும் வைரஸுடையது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

வைரஸ் ஏன் புரதத்தை விட்டுவிட்டு இதைப் பிடித்தது? இரண்டு காரணம். ஒன்று, இடம். ஒரு சிறு புரதத்துக்கே சில நூறு எழுத்து வேண்டும். கொண்டை ஊசிக்கு எழுபது போதும். மற்றொன்று அதைவிடக் கெட்டிக்காரத்தனம். வைரஸின் புரதம் எதுவானாலும் நம் செல் அதைத் துண்டு துண்டாக்கி, எம்எச்சி என்ற தட்டில் வைத்து வெளியே காட்டும். நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் அதைப் பார்த்து, ‘இது வீட்டுப் பொருள் இல்லையே’ என்று பாய்ந்துவிடும். குறு ஆர்என்ஏ புரதமாக மாறுவதே இல்லை. தட்டில் வைக்க எதுவும் கிடையாது. டி செல்லைப் பொறுத்தவரை அது நடக்காத சம்பவம்.

இங்கேதான் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. மேடைக்காகக் கட்டிய கதை. எந்த மண்டபம், யார் வீட்டுக் கல்யாணம் என்று பிறகு என் சட்டையைப் பிடிக்காதீர்கள்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு கல்யாணம். எண்ணூறு பேருக்குச் சாப்பாடு. எண்ணூறு பேர் என்றால் ஆயிரத்து நூறு பேர் வருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏற்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் எப்படிப்பட்டவர்? வாழை இலையை விரித்ததுமே உப்பு வலப்பக்கமா இடப்பக்கமா என்று பார்க்கிறவர். அவர் மூன்று ஏற்பாடு செய்தார். முதல் ஏற்பாடு, அழைத்தவர் எல்லாருக்கும் சட்டையில் குத்த ஒரு மஞ்சள் ரோஜா. இரண்டாவது, வெளியே நான்கு காவல்காரப் பையன்கள். தாய்மாமனின் கால்பந்துக் குழுவைச் சேர்ந்தவர்கள், ஆளுக்கு ஆறடி. உள்ளே ரோஜா இல்லாத முகம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது, சந்தேகத்தை உறுதிப்படுத்த, சமையற்கட்டிலிருந்து சன்னலில் சிவப்புத் துண்டு தொங்கவிடுவார்கள். ரோஜாவும் இல்லை, துண்டும் தொங்குகிறது என்றால் பையன்கள் உள்ளே புகுந்து ஆளைத் தூக்க வேண்டும்.

தலைமைச் சமையல்காரருக்கு ஒரே ஒரு உத்தரவு. தாய்மாமன் எழுதிய சீட்டு வந்தால் மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். ‘ரசம் நிறுத்து’ என்றால் ரசம் நிற்க வேண்டும். ‘துண்டை எடு’ என்றால் எடுக்க வேண்டும். ஏனென்றால் காலையிலிருந்து ஆளாளுக்குத் துண்டு தொங்கவிட்டுத் தொந்தரவு. ஐஸ்கிரீம் கேட்டு அழுத பிள்ளையைப் பார்த்தும் தொங்கவிட்டார்கள். அதனால் தாய்மாமனே அவ்வப்போது ‘துண்டு வேண்டாம்’ என்று சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். சமையல்காரருக்குக் கையெல்லாம் எண்ணெய், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். சீட்டு முழுதும் படிக்க மாட்டார். தொடக்கத்தில் தாய்மாமன் சுழித்துச் சுழித்து எழுதும் ஏழெழுத்தைப் பார்ப்பார். அது அவர் கை என்றால் சரி.

வந்தான் ஒருவன். அழைப்பில்லை. வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் மொய்க் கவர். கவருக்குள் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். நுழைந்ததும் முதல் வேலையாகத் தான் உட்கார்ந்த வரிசையில் இருந்தவர்களின் ரோஜாவையெல்லாம் ‘கசங்கிப் போச்சு மாமா, மாற்றித் தரேன்’ என்று வாங்கிக் குப்பையில் போட்டான். எதற்கு? ரோஜாவில் பெயர் எழுதியிருந்தது. தன் பெயர் இல்லாதது தெரிந்துவிடும். ஆனால் ரோஜா இல்லாத வரிசையைக் கண்டால் பையன்களுக்கு மூக்கில் வேர்க்குமே? அது அவனுக்குத் தெரியாதா? பாயசக் குவளைக்கு அடியில் இருந்த தாய்மாமன் சீட்டை எடுத்தான், ஏழெழுத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டான், ஒரு புதுச் சீட்டு எழுதினான்: ‘துண்டு வேண்டாம்’. சமையற்கட்டுக்குப் போய்க் கொடுத்தான். சமையல்காரர் ஏழெழுத்தைப் பார்த்தார், துண்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். வெளியே பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் ரோஜா இல்லை, சந்தேகம்தான்; ஆனால் துண்டும் இல்லையே. போய்க் கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவன் மூன்று பந்தி சாப்பிட்டான். மூன்றாவது பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கிறது என்று சமையல்காரரையே கோபித்துக்கொண்டான். பிறகு மேடைக்கு ஏறி மணமக்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டான். ஆறு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ‘பெண் வீட்டுக்காரர் போல’ என்றார்கள். பெண் வீட்டார் ‘மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்’ என்றார்கள். அந்தப் படம் இன்றைக்கும் கூடத்துச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது.

சிரித்துவிட்டீர்கள். சிரிப்புக்குள் பாடம் முழுதும் வந்துவிட்டது. அந்த ஆள் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாகச் சிஎம்வி. ரோஜா, எம்எச்சி தட்டு. சிஎம்வியின் யுஎஸ்2, யுஎஸ்11 என்ற புரதங்கள் அந்தத் தட்டைச் செல்லின் உள்ளேயே பிடித்து இழுத்துச் சிதைக்கக் கொடுத்துவிடும். அதனால் டி செல் எதையும் பார்க்காது. ஆனால் உடம்பில் இன்னொரு காவல் இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல், என்கே செல். தட்டு காணோம் என்றாலே அதற்குச் சந்தேகம் வந்துவிடும். அதோடு எம்ஐசிபி என்ற புரதம் செல்லின் மேல்பரப்பில் இருந்தால், ‘இந்தச் செல் ஆபத்தில் இருக்கிறது, கொன்றுவிடு’ என்று பொருள். அதுதான் சிவப்புத் துண்டு. 2007இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஓஃபர் மண்டல்பாயிம் குழுவினர் காட்டியது இதைத்தான்: சிஎம்வியின் யுஎல்112 என்ற மைக்ரோ ஆர்என்ஏ, எம்ஐசிபி தூது ஆர்என்ஏயின் வாலில் ஒட்டி, துண்டு தொங்கவிடாமல் பண்ணிவிடுகிறது. அந்தக் குறு ஆர்என்ஏயை மட்டும் கெடுத்த வைரஸை விட்டுப் பார்த்தபோது, என்கே செல்கள் தொற்றிய செல்களைக் கூடுதலாகக் கொன்றன.

சமையல்காரர் ஆர்கோநாட். தாய்மாமனின் சீட்டு, செல் தானே எழுதும் மைக்ரோ ஆர்என்ஏ. நல்ல செல் அநாவசியமாகத் துண்டு தொங்கவிடக் கூடாது என்று நம் உடம்பே எம்ஐசிபியைச் சில மைக்ரோ ஆர்என்ஏக்களால் அடக்கி வைத்திருக்கிறது. வைரஸ் ஒட்டுவதும் அதே வட்டாரத்தில்தான். இதில் ஒரு கொடுமை பாருங்கள். அந்த இடத்தை மாற்றி எழுதிவிட்டால் வைரஸிடமிருந்து தப்பலாம். ஆனால் நம் சொந்தச் சீட்டும் செல்லாமல் போகும், கண்ட செல்லும் துண்டு தொங்கவிடும், காவல்காரன் வீட்டு ஆளையே அடிப்பான். வேலியைப் பிடுங்கவும் முடியாது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

எப்ஸ்டீன்-பார் வைரஸும், கபோசி சர்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் வைரஸும் இதே எம்ஐசிபியைத்தான் குறிவைக்கின்றன. மூன்றின் சீட்டிலும் எழுத்து ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது, ஒட்டுமிடமும் வேறு வேறு. மூன்று திருடர்கள் தனித்தனியாக வந்து ஒரே துண்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்றால் அந்தத் துண்டு எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது.

(இந்த இடத்தில் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் விடைபெறுவதாகக் குறிப்பு வந்திருக்கிறது. அடுத்து ஒரு தேவார வகுப்பு ஆண்டு விழா என்கிறார்கள். நல்லது, போய் வாருங்கள். போகும் முன் இரண்டே நிமிடம், கையில் ஒரு தாள் தருவேன், காரில் படியுங்கள். அவருக்குப் பலத்த கைத்தட்டல் கொடுங்கள். துணைவியார் இருந்து கேட்கிறார். அவருக்கு இன்னும் பலமாக.)

படித்த தம்பிமார்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஏழெழுத்துதான் பொருந்த வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான மரபணுக்களில் பொருந்துமே, எம்ஐசிபிதான் என்று எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. கணினி கொடுக்கும் பட்டியலை நம்பி மோசம் போனவர்கள் நிறைய. செய்ய வேண்டியது இது. சந்தேகப்படும் மரபணுவின் வாலை வெட்டி, மின்மினிப்பூச்சியின் ஒளிரும் நொதியான லூசிஃபெரேஸுக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். மைக்ரோ ஆர்என்ஏயைச் சேர்த்தால் ஒளி மங்க வேண்டும். பிறகு வாலில் அந்த ஏழெழுத்தில் இரண்டு மூன்றை மாற்றிவிட்டால் ஒளி திரும்ப வர வேண்டும். வரவில்லையென்றால் நீங்கள் பார்த்தது வேறு ஏதோ. அடிக்கடி நடக்கும் தவறு, மைக்ரோ ஆர்என்ஏயை அளவுக்கு மீறி ஊற்றுவது. இயல்பில் இருப்பதைவிடப் பல மடங்கு போட்டால் எது எதோடும் ஒட்டும். அதனால்தான் கடைசி சாட்சி எப்போதும் வைரஸே: அந்தக் குறு ஆர்என்ஏயை மட்டும் நீக்கிய வைரஸை வளர்த்து ஒப்பிட்டுப் பார்ப்பது. அதிலும் ஓர் எல்லை உண்டு. மனித சிஎம்வி எலியில் வளராது. எலிக்கு எம்ஐசிபி மரபணுவே கிடையாது. ஆகவே இதுவரை சொன்னதில் பெரும்பகுதி செல் வளர்ப்புத் தட்டில் பார்த்தது. மனித உடம்பில் இதன் பங்கு எத்தனை என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள்.

சிஎம்வி இத்தோடு நிற்கவில்லை. யுஎஸ்4 என்ற இடத்திலிருந்து வரும் சீட்டு, புரதத் துண்டுகளை அளவாகச் சீவும் ஈராப்1 என்ற கத்தியை மழுக்குகிறது. யுஎல்148டி சீட்டு, படையைக் கூப்பிடும் ரான்டெஸ் என்ற வேதிச் செய்தியைக் குறைக்கிறது. இன்னும் பல உண்டு. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பானது, அதே யுஎல்112 சீட்டு வைரஸின் சொந்த மரபணு ஒன்றையும் அடக்குவது. ஐஇ1 என்ற அந்த மரபணுதான் வைரஸ் பெருகத் தொடங்கும் முதல் சாவி. தன் சாவியைத் தானே ஒளித்துவைத்து மெதுவாகப் போகிறது. ஒரு முறை உடம்பில் ஏறிய சிஎம்வி ஆயுள் முழுக்க அடங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். உறங்கும் வைரஸை மருந்து தொடாது. பெருகும் வைரஸைத்தான் தொடும்.

டத்தோ, நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். ஆனால் இங்கே நிறுத்தினால் நான் வந்ததே வீண். இப்படி ஒளியும் ஒரு வைரஸ் ஒரு வீட்டில் என்ன செய்கிறது தெரியுமா? நமக்கு எதுவும் செய்யாது. நலமாக இருக்கும் பெரியவருக்குத் தொற்றினால் கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் அசதி. பெரும்பாலும் அதுவும் இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கு வந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போனால் கதை வேறு. உலக அளவில் சுமார் 200 பிள்ளைக்கு ஒன்று இந்த வைரஸோடு பிறக்கிறது. அப்படிப் பிறக்கும் பத்தில் ஒன்பது, பார்க்க எந்தக் குறையும் இல்லாமல் இருக்கும். ஆனால் வைரஸோடு பிறப்பவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு நீடித்த பாதிப்பு வரும்; அதில் முதலிடம் காது கேளாமை. மரபணுக் காரணத்தை ஒதுக்கிவிட்டால் பிறவியிலேயே காது கேட்காமல் போவதற்கு உலகில் முதல் காரணம் இந்தச் சிஎம்விதான். தலைமையாசிரியர்களே, முதலாம் வகுப்பில் கூப்பிட்டால் திரும்பாத, பேச்சு தெளியாத பிள்ளையை ‘மந்தம்’ என்று கடைசி வரிசையில் உட்கார வைக்கிறோமே, அந்தப் பிள்ளை ஆறு வயது வரை நம்மைக் கேட்கவே இல்லையோ என்று ஒரு முறையாவது யோசித்தோமா?

கர்ப்பிணிக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தன் மூத்த பிள்ளையிடமிருந்து. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. நம் பாட்டிமார்கள் எச்சில் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீட்டையே ஆண்டார்கள். அந்தச் சொல் எல்லார்மேலும் பாய்ந்தது, பெற்ற பிள்ளைமேல் மட்டும் பாயவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த இட்லித் துண்டை ‘வீணாக்கக் கூடாது’ என்று அம்மா வாயில் போட்டுக்கொள்வாள். கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் சப்பிச் சுத்தம் செய்து கொடுப்பாள். வயிற்றில் பிள்ளை இருக்கும் ஒன்பது மாதம் மட்டும் இதை நிறுத்துங்கள். மிச்சத்தை அப்பா சாப்பிடட்டும், அவருக்கும் ஒரு வேலை வேண்டாமா? உதட்டில் முத்தம் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள். ஒரே கரண்டி, ஒரே குவளை வேண்டாம். பேம்பர்ஸ் மாற்றிய பிறகு, மூக்கு துடைத்த பிறகு, வாய்நீர் துடைத்த பிறகு சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். பிள்ளையைத் தூக்காதே என்று நான் சொல்லவில்லை. முன்பே சிஎம்வி வந்துபோனது, அதனால் பயமில்லை என்றும் இருக்க வேண்டாம்; உறங்கியது எழும்பலாம், வேறு வகை புதிதாகத் தொற்றலாம். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

இப்போது அந்தக் குப்பி. பிறந்த பிள்ளைக்குச் செவித்திறன் சோதனை செய்வார்கள்; சின்ன ஒலிக் குமிழைக் காதில் வைத்து உள்காதின் எதிரொலியைப் பார்ப்பார்கள், அல்லது தலையில் ஒட்டுப்பட்டை வைத்துச் செவி நரம்பின் அலையைப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் பிள்ளை தேறவில்லை என்றால், ‘காதில் தண்ணீர் இருக்கும், பிறகு பார்க்கலாம்’ என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்றைக்கே சிறுநீரில் சிஎம்வி சோதனை கேளுங்கள். பிறந்த 21 நாளுக்குள் எடுத்தால்தான் அது வயிற்றிலேயே வந்ததா என்று சொல்ல முடியும். 22ஆம் நாள் எடுத்தால், பிறந்த பிறகு வந்திருக்கலாமே என்ற சந்தேகம் நுழைந்துவிடும். தாய்ப்பால் வழியாகவும் வரும் வைரஸ் அது. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அதனால் கேடில்லை.

இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். நம் வீட்டில் 30 நாள் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டுவதில்லை. பத்தியம், காய மருந்து, எண்ணெய்க் குளியல், முப்பதாம் நாள் மொட்டை. ‘முப்பது முடியட்டும், பிறகு கொண்டு போகலாம்’ என்று மாமியார் சொன்னால் மருமகள் எப்படி மறுப்பாள்? ஆனால் அந்த முப்பதுக்குள் இருபத்தொன்று வந்து போய்விடுகிறதே. பிள்ளையைக் காப்பதற்கு நாம் போட்ட வேலி அது. அதுவே மேய்ந்துவிடுகிறது. வேலியை எடுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு வாசல் வையுங்கள் என்கிறேன். வெளியே போக வேண்டாம் என்றால் வீட்டுக்கு வரும் மிசியிடம் கேளுங்கள். மஞ்சள் காமாலை பார்க்க வரும் அதே மிசிதான்.

மாதிரி எடுப்பது கடினமில்லை. சிறுநீர்ப் பை ஒட்டலாம், பேம்பர்ஸுக்குள் சுத்தமான பஞ்சு வைத்துப் பிழிந்தும் எடுக்கலாம். மலம் கலந்துவிட்டால் அது உதவாது, மறுபடி வைக்க வேண்டும். எச்சிலும் எடுக்கலாம்: கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் பஞ்சுக் குச்சியைச் சுழற்ற வேண்டும். ஆனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய்ப்பாலில் இருக்கும் வைரஸைப் பிள்ளையுடையது என்று காட்டிவிடும். எச்சிலில் இருக்கிறது என்று வந்தால் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். குதிகாலில் எடுத்துக் காகிதத்தில் உலர்த்திய ரத்தத்தில் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அதில் பல தவறிப் போகும்.

உறுதியானால்? அறிகுறி உள்ள பிள்ளைக்கு வால்கன்சிக்ளோவிர் என்ற மருந்து, வேளைக்குக் கிலோவுக்கு 16 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஆறு மாதம். முதல் மாதத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதுதான் ஆய்வில் பார்த்த கணக்கு. வெள்ளணு குறையும் என்பதால் முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பார்கள். யாருக்குத் தர வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர் முடிவு. கேட்கும் குறை இல்லாத, நலமாக இருக்கும் பிள்ளைக்கு எல்லாரும் தருவதில்லை. சோதனையில் இன்று தேறிய பிள்ளைக்கும் சிஎம்வி இருந்தால் காது பிறகு மங்கலாம், ஆகவே பள்ளி வயது வரை செவித்திறனைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ. இதைக் கிளினிக்கில் கர்ப்பிணிக்குத் தரும் பிங்க் புக்கின் உள்ளட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள்: 1, 3, 6. அதற்கு மேலே பெரிதாக 21.

தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதிக் குறை, தைராய்டு பார்க்கிறார்களே, யாராவது கேட்டா பார்க்கிறார்கள்? கேட்காமலே நடக்கிறது. செவித்திறன் சோதனையில் தேறாத ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தச் சிறுநீர்ச் சோதனையும் அப்படிக் கேட்காமலே நடக்க வேண்டும். மாண்புமிகு அவர்கள் கையில் நான் கொடுத்த தாளில் இருப்பது இந்த ஒரே கோரிக்கைதான்.

மூன்றாவது செய்தி, டெங்கி. ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டெங்கி செல்லின் உட்கருவுக்குள் போவதில்லை, அதனால் டிரோஷாவை நம்பிக் கொண்டை ஊசி எழுதுவதில்லை. பதிலாக, அதன் ஆர்என்ஏயை நம் நொதி எக்ஸ்ஆர்என்1 தின்றுகொண்டே வரும்போது, வாலில் போட்டு வைத்திருக்கும் முடிச்சில் சிக்கி நின்றுவிடும். தின்னாமல் மிஞ்சிய அந்த வால், சில நூறு எழுத்து, வைரஸ் வந்துவிட்டது என்று செல் எழுப்பும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கைக்கு உதவும் டிரிம்25 என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. துப்புரவுக்காரன் மிச்சம் வைத்த குப்பையே ஆயுதம். வேலி, பயிர், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான்காவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ஏழெழுத்து பொருந்துகிறது, அவர் கைதான், கட்டுப்படுகிறேன். வலப்பக்க மேசையில் கோரிக்கைத் தாள் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து. அடையாள அட்டை எண் எழுத வேண்டாம். பேனா இரண்டுதான் இருக்கிறது, கைக்குழந்தையோடு வந்தவர்களை முதலில் விடுங்கள். தேநீர் பின்கட்டில். நன்றி, வணக்கம்.